ஸஜ்தாவில் எது தாழ வேண்டும்?

கேள்வி: இறைவன் உள்ளத்தைப் பார்க்கிறான் என்கிறீர்கள். அப்படியானால் மனத்தில் பணிவு இருந்தால் போதாதா? நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தா செய்ய வேண்டிய அவசியம் என்ன? என் உறவினர் ஒருவர் ஐந்து வேளையும் தவறாமல் தொழுபவர். நெற்றியில் தழும்பே ஏறிவிட்டது. ஆனால், தொழாதவர்களை அவர் மனிதர்களாகக்கூட மதிப்பதில்லை. இத்தனை ஸஜ்தாக்கள் அவருக்கு எதைக் கற்றுக்கொடுத்தன?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் மனிதர் ஆதமுக்குச் சிரம் பணியுமாறு வானவர்களுக்கு இறைவன் கட்டளையிட்டபோது (அது மரியாதையே தவிர வணக்கமன்று என்பது விரிவுரையாளர்களின் விளக்கம்), இப்லீஸ் (ஷைத்தான்) மட்டும் மறுத்தான். அவன் இறைவன் இருப்பதை மறுத்தவனல்லன். விரட்டப்பட்ட பிறகும் "என் இறைவனே" என்று அழைத்துத்தான் அவகாசம் கேட்கிறான். அவனை வீழ்த்தியது வேறொன்று. "நான் அவரைவிடச் சிறந்தவன், என்னை நெருப்பால் படைத்தாய், அவரைக் களிமண்ணால் படைத்தாய்" என்று அவன் சொன்னதாகத் திருக்குர்ஆனின் ஏழாவது அத்தியாயம் 12ஆம் வசனம் கூறுகிறது. பள்ளிவாசலிலிருந்து வெளியே வந்ததும், தொழாத ஒருவரைப் பார்த்து "நான் இவனைவிட மேலானவன்" என்று எண்ணுகிறவர், ஸஜ்தா செய்ய மறுத்தவன் சொன்ன அதே சொற்களை ஸஜ்தா செய்துவிட்டு வந்து சொல்கிறார். உங்கள் உறவினரிடம் இதைத் தனிமையில், அன்போடு சொல்லுங்கள். அதற்கு முன், "அவரைவிட நான் பணிவானவன்" என்ற எண்ணம் உங்கள் கேள்விக்குள்ளும் ஒளிந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கடிந்து சொல்வதாக எண்ண வேண்டாம்; இந்த நோய் தொழுகிறவரை மட்டும் பிடிப்பதன்று.

தழும்பைப் பற்றியும் ஒரு சொல். "ஸஜ்தாவின் அடையாளம் அவர்களுடைய முகங்களில் இருக்கும்" என்ற திருக்குர்ஆனின் 48ஆம் அத்தியாயம் 29ஆம் வசனத்துக்கு, முற்கால விரிவுரையாளர் முஜாஹித், அது உள்ளச்சத்தைக் குறிப்பதாக விளக்கம் தந்திருக்கிறார். தோலில் விழும் காய்ப்பு யாருடைய பணிவுக்கும் சாட்சியாகாது.

இனி முதல் கேள்வி. மனத்தின் பணிவு போதும் என்கிறீர்கள். அந்தப் பணிவு இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லப்போவது யார்? அதே மனம்தானே! "நான் பணிவுள்ளவன்" என்று மனம் முடிவுகட்டிய நொடியிலேயே அதில் பெருமை குடியேறிவிடுகிறது. ஆகவேதான் தொழுகை மனத்தை மட்டும் நம்பி விடாமல் உடலையும் சேர்த்து அழைக்கிறது. மூக்கோடு சேர்ந்த நெற்றி, இரு கைகள், இரு முழங்கால்கள், இரு பாதங்களின் விரல்கள் என ஏழு உறுப்புகள் தரையில் படிய ஸஜ்தா செய்யுமாறு தாம் கட்டளையிடப்பட்டதாக நபிகள் நாயகம் (ஸல்) கூறியுள்ளார்கள். செருக்கைத் தலைக்கனம் என்றே நம் மொழி சொல்கிறது. அந்தக் கனத்தைக் கடமையான 17 ரக்அத்துகளில் (ரக்அத் என்பது தொழுகையின் ஒரு சுற்று; ஒவ்வொன்றிலும் இரண்டு ஸஜ்தாக்கள்) நாளொன்றுக்கு 34 முறை இறக்கிவைக்கிறோம். நம் உடல் மிகத் தாழ்ந்திருக்கும் அந்த நிலையில் நாவு உச்சரிப்பது "ஸுப்ஹான ரப்பியல் அஃலா", மிக உயர்ந்தவனாகிய என் இறைவன் தூயவன் என்பதைத்தான். குனிய இயலாத நோயாளிக்குச் சைகையே போதும் என்று மார்க்கம் சலுகை தந்திருப்பதால், நெற்றி மண்ணில் படுவது மட்டுமே நோக்கமன்று என்பதும் விளங்கும்.

உடலும் ஏமாற்றும் என்பதை மறுக்கவில்லை. அவசரம்தான் அதன் தந்திரம். வேகவேகமாகத் தொழுதுவிட்டு வந்த ஒருவரை, "திரும்பிப் போய்த் தொழுவீராக, நீர் தொழவில்லை" என்று நபியவர்கள் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். பிறகு, ஸஜ்தாவில் உடல் அமைதி பெறும் வரை இருக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார்கள். நம்மில் எத்தனை பேரின் ஸஜ்தா, காகம் தானியம் கொத்துவதைப்போல முடிந்துவிடுகிறது! இந்த வரியை எழுதும்போது என் தொழுகைகள் பலவும் நினைவுக்கு வந்து நெஞ்சு கனக்கிறது.

அந்த அமைதியோடு செய்த ஸஜ்தா எப்படியிருக்கும் என்பதை அறிய, மதீனாவில் ஒரு ரமளான் இரவை நினைத்துப் பாருங்கள். 21ஆம் இரவில் மழை பெய்தது. பேரீச்ச மட்டைகளால் வேயப்பட்ட பள்ளிவாசலின் கூரை ஒழுகித் தரை சேறானது. அந்தச் சேற்றிலேயே நபியவர்கள் ஸஜ்தா செய்தார்கள். விடியற்காலைத் தொழுகைக்குப் பின் அவர்களுடைய நெற்றியிலும் மூக்கு நுனியிலும் ஈரமண் படிந்திருந்ததைத் தாம் கண்டதாக நபித்தோழர் அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கிறார். அப்படித் தம் நெற்றியைச் சேற்றில் வைத்தவர்கள், தமக்கு ஒருவர் ஸஜ்தா செய்ய முன்வந்தபோது அதை அனுமதிக்கவில்லை.

ஸஜ்தா என்ன கற்றுக்கொடுக்கும் என்று கேட்டீர்கள். ஒருமுறை ஜமாஅத்துத் (கூட்டுத்) தொழுகையில் நபியவர்களின் ஸஜ்தா வழக்கத்துக்கு மாறாக நீண்டது. ஏதோ நேர்ந்துவிட்டதோ, இறைச்செய்தி வருகிறதோ என்று பின்னால் நின்றவர்கள் எண்ணினார்கள். தொழுகை முடிந்ததும் அவர்கள் கேட்க, பேரக்குழந்தை தம் முதுகில் ஏறி அமர்ந்திருந்ததாகவும், அவன் விருப்பம் தீருமுன் அவனை அவசரப்படுத்தத் தமக்கு மனமில்லை என்றும் நபியவர்கள் கூறினார்கள்.