இதயம் போடலாமா?

அன்புள்ள அக்கா,

கல்லூரி நண்பன் ஒருவன் தான் தன்பாலீர்ப்பாளன் என்று என்னிடம் மட்டும் சொன்னான். வீட்டுக்குத் தெரியாது. இன்ஸ்டாகிராமில் வேறு பெயரில் இரண்டாவது கணக்கு தொடங்கி என்னைச் சேர்த்திருக்கிறான். அவன் படங்களுக்கு நான் இதயம் போட்டால் மாட்டிக்கொள்வானா? ஒதுங்கி இருக்கட்டுமா?

பெயர் வேண்டாம், மதுரை

அன்புள்ள தம்பி,

ஒதுங்காதீர்கள். நம் பையன்கள் ‘லவ் யூ மச்சி’ என்று எழுதாத நாளில்லை. அதை யாரும் சந்தேகப்படுவதில்லை. திடீரென்று நிறுத்தினால்தான் கண்ணில் படும். ஆபத்து கணக்கை அமைத்த விதத்தில் இருக்கிறது.

எந்த எண்ணில் தொடங்கினார் என்று முதலில் கேளுங்கள். வீட்டார் போனில் இருக்கும் அதே எண் என்றால், சித்தப்பா தன் கான்டாக்ட்களை இன்ஸ்டாகிராமில் ஏற்றியிருந்தாலே போதும், அந்தக் கணக்கு அவருக்குப் பரிந்துரையாகப் போய் நிற்கலாம். எண்ணை நீக்கிவிட்டுப் புது மின்னஞ்சல் கொடுக்கட்டும். பழைய கணக்கோடு அக்கவுன்ட்ஸ் சென்டரில் இணைக்க வேண்டாம். கான்டாக்ட் ஏற்றுவதை இரண்டு கணக்கிலும் அணைக்க வேண்டும்.

கணக்கு பிரைவேட்டாக இருந்தால் உங்கள் இதயமும் கமென்ட்டும் அவர் அனுமதித்தவர்களுக்கு மட்டுமே தெரியும். ஆனால் உங்கள் கணக்கு பப்ளிக் என்றால், நீங்கள் பின்தொடர்வோர் பட்டியலில் அவருடைய புதுப்பெயரை யாரும் பார்க்கலாம். உங்களுடையதையும் பிரைவேட் ஆக்குங்கள். நோட்டிபிகேஷனையும் மறக்க வேண்டாம்: சாப்பிடும்போது மேசையில் கிடக்கும் போனில் நீங்கள் எழுதிய கமென்ட், கணக்கின் பெயரோடு பளிச்சென்று வரும். பூட்டுத்திரையில் அதை மறைக்கச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. 2012இல் வெளியான ஒரு செய்தி: அமெரிக்காவில் ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பால்புதுமையர் (க்வியர்) பாடகர் குழுவின் தலைவர், இரண்டு மாணவர்களை ஃபேஸ்புக் குழுவில் சேர்த்தார். இருவரும் தம் பதிவுகள் அப்பாவின் கண்ணில் படாதபடி ஏற்கெனவே மறைத்து வைத்திருந்தவர்கள். குழுவோ எல்லாரும் பார்க்கக்கூடியது. சேர்ந்த செய்தி இரண்டு அப்பாக்களுக்கும் போய்விட்டது. சேர்த்தவர் அன்பாக வரவேற்கத்தான் நினைத்தார்.

இந்தியாவில் 2018 செப்டம்பர் 6 முதல் தன்பாலுறவு குற்றமில்லை. ஆனால் வீட்டில் எப்போது, யாரிடம் சொல்வது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கடைசியாக, அவருடைய பழைய கணக்கு. ‘என்ன மச்சான், அவன் வந்தானா?’ என்று கண்ணடிக்கும் முகத்தோடு அங்கே நீங்கள் கேலி எழுதினால், அத்தை மகனுக்குப் புரிந்துவிடும். அந்தக் கேலியெல்லாம் புதுக்கணக்கில் மட்டும். அதுவும் அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று அவரிடம் கேட்ட பிறகு.