இலை, குச்சி, கட்டை: சிட்ரஸ் வாசனைக் கேள்விகள்

எலுமிச்சை, ஆரஞ்சு இனமான சிட்ரஸ் மரங்களின் வாசனை எண்ணெய்கள் பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே கேள்வியை நாலைந்து பேர் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டேன். "சிட்ரஸ் எண்ணெய் நல்லதா?" என்று ஒற்றை வரியில் அனுப்பியவர்களுக்குப் பதில் இல்லை. எந்த மரம், எந்தப் பாகம், பிழிந்ததா வடித்ததா என்று சொல்லாமல் கேட்டால் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

கே: பெட்டிகிரெயின் பழத்தோலில் எடுப்பதுதானே?

இல்லை. கசப்பு ஆரஞ்சு மரத்தின் இலையையும் இளங்குச்சியையும் நீராவியில் வடித்து எடுப்பது. அதே மரத்தின் பூவை வடித்தால் நெரோலி, தோலைப் பிழிந்தால் கசப்பு ஆரஞ்சு எண்ணெய்.

கே: ஆரஞ்சு எண்ணெய் அரை மணி நேரத்தில் காணாமல் போகிறது. பெட்டிகிரெயின் சேர்த்தால் நிற்குமா?

கொஞ்சம் நிற்கும், அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம். தோல் எண்ணெயில் 90 சதவீதத்துக்கு மேல் லிமோனீன் என்ற லேசான பொருள், அது ஆவியாகிப் பறக்கத்தான் செய்யும். பெட்டிகிரெயினில் ஏறக்குறையப் பாதி லினலைல் அசிடேட், கால்வாசி லினலூல், இரண்டும் லிமோனீனைவிட மெதுவாகப் பறப்பவை. அதனால் டாப் நோட்டுக்கும் (முதலில் எழுந்து மறையும் வாசனை) நடு வாசனைக்கும் இடையில் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். அடியில் தங்க வேண்டுமென்றால் அமைரிஸ் மாதிரி கனமான கட்டை எண்ணெய் வேண்டும். ஆரஞ்சு 2 பங்கு, பெட்டிகிரெயின் 3, அமைரிஸ் 5 என்று ஆரம்பித்துப் பாருங்கள். முகர்ந்து பார்க்கும் காகிதப் பட்டையில் தொட்டு வைத்தால் முதலில் கசக்கிய இலையின் பச்சைக் கசப்பு, அப்புறம் லேசான சோப்பு வாசம், மறுநாள் காலையில் அமைரிஸ் மட்டும் மெல்லிய மிளகுக் காரத்தோடு மிச்சமிருக்கும். எடை போட்டுக் கலக்குங்கள், சொட்டு எண்ணாதீர்கள். அமைரிஸ் கெட்டி, அதன் சொட்டும் ஆரஞ்சின் சொட்டும் ஒரே எடை இல்லை.

கே: அமைரிஸும் சந்தனமும் ஒன்றா? 'மேற்கிந்தியச் சந்தனம்' என்று எழுதியிருக்கிறது.

எழுதுவார்கள். இரண்டுக்கும் உறவே கிடையாது. அமைரிஸ் ரூட்டேசி குடும்பம், அதாவது எலுமிச்சையும் ஆரஞ்சும் இருக்கிற குடும்பம். பெரும்பாலும் ஹைட்டியிலிருந்து வருகிறது. சந்தனத்துக்கு உயிரான சாண்டலால் இதில் இல்லை. இருப்பதெல்லாம் வலேரியனால், யூடெஸ்மால், எலிமால் என்று வேறு வாசனைப் பொருள்கள். சந்தனம் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். அமைரிஸ் என்றே வாங்கினால் நல்ல சரக்கு.

கே: சிட்ரஸ் மரச் சரக்கு எல்லாமே சஸ்டெயினபிள் (இயற்கையை அழிக்காதது) என்று விற்கிறார்களே, நம்பலாமா?

இந்த வார்த்தையைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். சஸ்டெயினபிள் என்பது மரத்தோடு பிறந்த குணமில்லை, அந்தச் சரக்கை எப்படி எடுத்தார்கள் என்பதில் இருக்கிறது. பெட்டிகிரெயின் ஓரளவு நல்ல பிள்ளை, ஏனென்றால் கிளையைக் கவாத்து செய்தால் மரம் மறுபடி துளிர்க்கும், சாய்க்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு கிலோ எண்ணெய்க்குச் சில நூறு கிலோ இலை வேண்டும், அத்தனையையும் மணிக்கணக்கில் ஆவியில் வைக்க வேண்டும். அந்த அடுப்பில் எரிவது என்ன? காட்டை வெட்டிய விறகென்றால் இலை எவ்வளவு பச்சையாக இருந்து என்ன பிரயோஜனம்? அமைரிஸ் கதை இன்னும் சிக்கல், கட்டைக்காக மரத்தையே வெட்டியாக வேண்டும், வெட்டிய இடத்தில் நட்டார்களா என்பதுதான் முழுக் கேள்வியும். ஆரஞ்சுத் தோல் எண்ணெய் ஜூஸ் தொழிற்சாலையின் உபரி, சரி, ஆனால் உபரி என்பதாலேயே அது ஜூஸின் தலையெழுத்தோடு கட்டுண்டது. அமெரிக்காவின் ஃப்ளோரிடா தோப்புகளை கிரீனிங் என்ற சிட்ரஸ் மர நோய் நாசமாக்கியபோது ஜூஸோடு எண்ணெயும் குறைந்தது. ஆகவே விற்பவரிடம் மூன்று கேளுங்கள்: எந்தப் பாகம், எந்த எரிபொருள், இந்த பேட்சின் ஜிசி அறிக்கை (எண்ணெயில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஆய்வக அறிக்கை) எங்கே. ஒருமுறை இதையே கேட்டதற்கு ஒரு வியாபாரி உள்ளங்கையில் நாற்று வைத்த படம் ஒன்றை அனுப்பினார். அறிக்கை இன்றுவரை வரவில்லை, நானும் வாங்கவில்லை.

கே: பூசிக்கொண்டு வெயிலில் போகலாமா?

பெர்கமாட் என்ற சிட்ரஸ் பழத்தின் தோலைப் பிழிந்து எடுத்த எண்ணெயில் பெர்கப்டன் என்ற பொருள் இருக்கிறது, வெயில் பட்டால் தோல் கன்றிப்போகும். வடித்த கசப்பு ஆரஞ்சுப் பெட்டிகிரெயினில் அந்தத் தொல்லை அநேகமாக இல்லை. "அப்போ எல்லாப் பெட்டிகிரெயினும் ஓகே" என்று ஓடாதீர்கள். மாண்டரின் இலை எண்ணெயில் ஏறக்குறையப் பாதி மெத்தில் என்-மெத்தில் ஆந்த்ரனிலேட் என்ற பொருள். அதுவும் வெயிலோடு சேர்ந்தால் தோலைப் பதம் பார்க்கும். கழுவாமல் தோலில் தங்கும் பொருளில் இதற்கு இஃப்ரா (சர்வதேச வாசனைப் பொருள் சங்கம்) வைத்திருக்கும் உச்சவரம்பு 0.1 சதவீதம். இதற்குத்தான் எந்த மரம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

கே: மூன்று வருஷப் பழைய ஆரஞ்சு எண்ணெய் இருக்கிறது, வாசனை நன்றாகவே இருக்கிறது. பயன்படுத்தலாமா?

வேண்டாம். மூக்குக்குத் தெரிவதற்கு முன்பே லிமோனீன் காற்றோடு சேர்ந்து பெராக்சைடு ஆகத் தொடங்கிவிடும். தோல் ஒவ்வாமைக்கு அதுதான் முக்கியக் காரணம். மூடியைச் சுற்றிப் பிசுபிசுப்போ டர்பன்டைன் வாடையோ வந்தால் கேள்வியே வேண்டாம், தூக்கிப் போடுங்கள். அடுத்த முறை சின்ன பாட்டிலாக வாங்கி, கழுத்து வரை நிரப்பி, குளிரில் வையுங்கள்.

கே: ஒரே பொருளில் பழமும் கட்டையும் வேண்டும்.

நூட்காட்டோன் என்ற வாசனைப் பொருள். கிரேப்ஃப்ரூட்டின் அடையாள வாசனை, ஆனால் முதலில் பிரித்தெடுத்தது அலாஸ்கா மஞ்சள் செடார் கட்டையிலிருந்து. பழத்தில் துளிதான் இருக்கிறது. இப்போது ஈஸ்ட்டை வைத்துச் சர்க்கரையிலிருந்து நொதிக்க வைத்தும் எடுக்கிறார்கள். 1 சதவீதமாகக் கரைத்து முகருங்கள், நேராக முகர்ந்தால் ஒன்றும் புரியாது. 2020-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை இதைப் பூச்சி விரட்டியாகவும் பதிவு செய்தது. அதற்காக உங்கள் சென்ட் கொசுவை விரட்டும் என்று லேபிளில் போட்டுவிடாதீர்கள்.

கே: 10 மில்லிக்கு எத்தனை சொட்டு?

மேலே படியுங்கள். எடை.