ஸ்கேன் செய்த வரைபடம் ஜிபிஎஸ் கருவியில் விலகி நிற்பது ஏன்?

கேள்வி: 1:50,000 அளவையில் அச்சான பழைய நிலவரைபடம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை ஸ்கேன் செய்து, நான்கு மூலைகளிலும் அச்சிடப்பட்டிருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கூகுள் எர்த்தில் உள்ளிட்டு, கேஎம்இசட் கோப்பாக (படத்தையும் அதன் இடக்குறிப்பையும் சேர்த்துக் கட்டிய கோப்பு) கார்மின் கையடக்கக் கருவியில் ஏற்றினேன். படம் தெரிகிறது. ஆனால் பாதையில் நடக்கும்போது என் இருப்பிடம் எப்போதும் நூற்றைம்பது மீட்டர் தள்ளியே காட்டப்படுகிறது. எழுத்துகளும் மங்கலாக இருக்கின்றன. கருவியின் டேட்டம் அமைப்பை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. எதைச் சரிசெய்ய வேண்டும்?

பதில்: விலகல் எவ்வளவு என்பதைவிட அது எப்படி இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். படம் முழுவதும் ஒரே திசையில், ஏறத்தாழ ஒரே தூரம் நகர்ந்திருந்தால் காரணம் டேட்டம், அதாவது அட்சரேகை, தீர்க்கரேகைகளை அளக்க அடிப்படையாகக் கொண்ட பூமி மாதிரி. நடுவில் சரியாக இருந்து ஓரங்களுக்குப் போகப் போகப் பிழை வளர்ந்தால் புரொஜெக்‌ஷனையோ ஸ்கேனையோ சந்தேகிக்க வேண்டும்; உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் வரையும் முறைதான் புரொஜெக்‌ஷன். ஓரிடத்தில் கிழக்கே, இன்னோரிடத்தில் வடக்கே என ஒழுங்கின்றி இருந்தால் சுருங்கிய காகிதமோ, மடிப்போ, தவறாகக் குறித்த புள்ளியோ காரணமாக இருக்கும். "எப்போதும் நூற்றைம்பது மீட்டர்" என்று நீங்கள் எழுதியிருப்பதால், உங்களுடையது முதல் வகை என்றே கருதுகிறேன்.

ஜிபிஎஸ் கணக்கிடுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற டேட்டத்தில். பழைய வரைபடங்களோ அந்தந்த நாடு தன் நிலப்பரப்புக்குப் பொருந்துமாறு தேர்ந்துகொண்ட நீள்கோளத்தின் (பூமியின் வடிவத்தை ஒத்த, சற்றே தட்டையான கோளத்தின்) மீது அளக்கப்பட்டவை. ஆகவே ஒரே பாலத்துக்கு இரண்டு டேட்டங்களில் இரண்டு வெவ்வேறு அட்சரேகை, தீர்க்கரேகைகள் உண்டு, இரண்டுமே சரியானவைதான். ஐரோப்பாவின் இடி 50 டேட்டத்தில் இந்த வேறுபாடு நூறு மீட்டருக்கு மேல் வரும். ஜப்பான் 2002 வரை பயன்படுத்திய டோக்கியோ டேட்டத்தில் நானூறு மீட்டரையும் தாண்டும். பாரிஸைச் சுழியமாகக் கொண்ட பழைய பிரெஞ்சு வரைபடம் கையில் கிடைத்தால் தீர்க்கரேகையே 2 பாகை 20 நிமிடத்துக்குச் சற்று மேல் மாறிவிடும். நல்லவேளையாக அந்தத் தவறு உடனே கண்ணில் பட்டுவிடும். நூற்றைம்பது மீட்டர்தான் ஆளை ஏமாற்றும்.

நீங்கள் மூலைகளின் மதிப்புகளை வரைபடத்திலிருந்து அப்படியே எடுத்து, டபிள்யூஜிஎஸ் 84 மட்டுமே தெரிந்த கூகுள் எர்த்தில் கொடுத்துவிட்டீர்கள். விலகல் அங்கேயே நுழைந்துவிட்டது. கருவியின் டேட்டம் அமைப்பு திரையில் எண்களாகக் காட்டப்படும் ஆயத்தொலைகளை மட்டுமே மாற்றும். ஏற்றிய படத்தை அது ஒரு மீட்டர்கூட நகர்த்தாது. அதை மீண்டும் டபிள்யூஜிஎஸ் 84-க்கே திருப்பி வைத்துவிடுங்கள்.

இனி முறையாகச் செய்வோம். இலவச மென்பொருளான கியூஜிஐஎஸ் போதும். அதிலுள்ள ஜியோரெஃபரன்சரில், அதாவது படத்தை ஆயத்தொலைகளோடு பொருத்தும் கருவியில், ஸ்கேனைத் திறக்கவும். வரைபடத்தின் கீழ் ஓரக் குறிப்பில் டேட்டமும் புரொஜெக்‌ஷனும் அச்சிடப்பட்டிருக்கும். இலக்கு ஆய அமைப்பாக அதையே தேர்ந்தெடுங்கள், டபிள்யூஜிஎஸ் 84-ஐ அல்ல. முதலில் வரைபடத்தை அதன் சொந்த அமைப்பிலேயே பொருத்திவிட்டு, அதன் பிறகு மென்பொருளைக் கொண்டு இபிஎஸ்ஜி 4326-க்கு (டபிள்யூஜிஎஸ் 84-இன் குறியீட்டு எண்) மாற்ற வேண்டும் என்ற இந்த வரிசைதான் முக்கியம். மாற்றும்போது மென்பொருள் பல வழிகளைப் பட்டியலிட்டுக் கேட்கலாம். உங்கள் பகுதிக்கு உரியதும் துல்லியம் குறிப்பிடப்பட்டதுமான வழியைத் தேர்ந்தெடுங்கள். வெறும் தோராய மாற்றம் என்று சொல்லும் வழி டேட்டம் வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாததால், பழைய விலகல் அப்படியே நிற்கும்.

கட்டுப்பாட்டுப் புள்ளிகளாக, அதாவது ஆயத்தொலை தெரிந்த இடங்களாக, நான்கு மூலைகள் மட்டும் போதாது. கட்டக்கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடங்களில் பன்னிரண்டு புள்ளிகளையாவது படம் முழுவதும் பரவலாகக் குறியுங்கள். முதல் படிப் பல்லுறுப்பு உருமாற்றத்துக்கு (படத்தை நகர்த்தி, சுழற்றி, நீட்டி, சாய்த்துப் பொருத்தும் எளிய முறை) மூன்று புள்ளிகளே போதும் என்பது உண்மைதான். ஆனால் மூன்றே கொடுத்தால் பிழை சுழியம் என்றுதான் மென்பொருள் காட்டும், ஒரு புள்ளியில் எண்ணைத் தவறாகத் தட்டியிருந்தாலும்கூட. அந்தச் சுழியத்தை நம்பக் கூடாது. புள்ளிகள் கூடும்போதுதான் எந்தப் புள்ளி மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை என்பது எச்சப் பிழைப் பட்டியலில், அதாவது பொருத்திய பிறகும் ஒவ்வொரு புள்ளியிலும் மிஞ்சும் விலகலின் பட்டியலில், வெளிப்படும். தின் பிளேட் ஸ்ப்லைன் என்ற முறை இதைவிட மோசமாக ஏமாற்றும்: எல்லாப் புள்ளிகளையும் இழுத்துப் பொருத்திவிடுவதால் தவறான புள்ளியையும் மறைத்துவிடும். காகிதம் உண்மையிலேயே கோணியிருந்தால் ஒழிய அதைத் தொட வேண்டாம்.

ஓரக் குறிப்பு கிழிந்துபோய் டேட்டம் தெரியாத வரைபடம் என்றால், இன்றும் மாறாமல் இருக்கும் பாலம், சாலைச் சந்திப்பு போன்றவற்றைச் செயற்கைக்கோள் படத்தில் அடையாளம் கண்டு பொருத்தலாம். ஆற்று வளைவுகளை நம்ப வேண்டாம். ஆறு இடம் மாறும். சாலையும் இரயில் பாதையும் ஒட்டிச் செல்லும் இடங்களையும் தவிர்க்கவும். குறியீடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழாதிருக்க, வரைந்தவரே அவற்றைச் சற்று விலக்கி வைத்திருப்பார்.

எவ்வளவு துல்லியம் எதிர்பார்க்கலாம்? 1:50,000 அளவையில் காகிதத்தில் அரை மில்லிமீட்டர் என்பது தரையில் 25 மீட்டர். அதற்குள் பொருந்திவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம். அச்சில் இல்லாத துல்லியத்தை மென்பொருளால் உண்டாக்க முடியாது.

எழுத்து மங்குவதற்குக் காரணம் வேறு. கார்மின் கருவிகள் 1024க்கு 1024 பிக்சல் அளவுக்கு மேற்பட்ட ஒற்றைப் படத்தைத் தெளிவைக் குறைத்தே காட்டும். நீங்கள் முழுத் தாளையும் ஒரே படமாக ஏற்றியிருக்கிறீர்கள். அதைத் துண்டுகளாக வெட்ட வேண்டும். பல கருவிகளில் மொத்தம் 100 துண்டுகளுக்கே இடமுண்டு. 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) ஸ்கேனில் ஒரு பிக்சல் தரையில் சுமார் 4.2 மீட்டர். நீளத்திலும் அகலத்திலும் 27 கிலோமீட்டர் கொண்ட பரப்பைக் காட்டும் தாள் இரு திசையிலும் சுமார் 6,400 பிக்சல் அளவில் வரும். ஏழுக்கு ஏழாக 49 துண்டுகளில் அடங்கிவிடும். அதையே 600 டிபிஐயில் எடுத்தால் 169 துண்டுகள் ஆகி வரம்பைத் தாண்டிவிடும். கார்மின்கஸ்டம்மேப் என்ற கியூஜிஐஎஸ் செருகுநிரல் வெட்டுவதையும் கேஎம்இசட் ஆக்குவதையும் சேர்த்தே செய்துவிடும். துண்டுகள் சாதாரண ஜேபெக் வடிவில் இருக்கட்டும். புரொகிரசிவ் ஜேபெக் கருவியில் தெரியாது. கோப்பைக் கார்மின் கோப்புறைக்குள் கஸ்டம்மேப்ஸ் என்ற உட்கோப்புறையில் வையுங்கள். வரைவு வரிசை எண்ணை 50க்கு மேல் கொடுத்தால், கருவியில் ஏற்கெனவே உள்ள வரைபடத்துக்கு மேலே உங்கள் படம் தெரியும்.

புறப்படுவதற்கு முன், பொருத்தும்போது பயன்படுத்தாத இரண்டு இடங்களை, ஒன்று தாளின் நடுவிலும் மற்றொன்று ஓரத்திலுமாக, கருவியோடு நேரில் போய்ச் சரிபாருங்கள். உங்களோடு வருபவரிடம் படங்களை ஏற்கவே முடியாத பழைய கருவி இருந்தால், அதற்காக முழு வரைபடத்தையும் கோடுகளாக வரைந்துகொண்டிருக்கத் தேவையில்லை. பொருத்திய படத்தின் மேல் செல்லவிருக்கும் பாதையையும் நீர்நிலைகளையும் மட்டும் கியூஜிஐஎஸ்ஸில் வரைந்து, ஜிபிஎக்ஸ் கோப்பாக (பாதைகளையும் புள்ளிகளையும் மட்டும் கொண்ட கோப்பு) ஏற்றிக் கொடுத்தால் அவருக்கு அது போதும்.