28 நாளுக்கு வாங்கும் வட்டிக் காசு

போன சனிக்கிழமை புதுக்குடியிருப்பிலிருந்து ஓர் அம்மா மகனோடு என்னிடம் யோசனை கேட்டு வந்தார். கையில் பிளாஸ்டிக் பை. உள்ளே காணிப் பேர்மிட், பாங்க் புத்தகம், மகனின் ஏ.எல். பெறுபேறு. லண்டனில் இருக்கும் மாமா, "பெடியனை பிசினஸ் மனேஜ்மென்ற் படிக்க அனுப்பு" என்று நிற்கிறாராம். விசாவுக்குக் காட்ட வேண்டிய காசை வட்டிக்கு வாங்கிக் கணக்கில் போட்டு, 28 நாள் முடிய எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று யாரோ வழி சொல்லியிருக்கிறார்கள். "பயப்பட ஒன்றுமில்லைத்தானே சேர்?"

பயப்படத்தான் வேண்டும், அக்கா.

லண்டனுக்கு வெளியே படிப்பதென்றால் மாதம் 1,171 பவுண்படி 9 மாதத்துக்கு 10,539 பவுண் காட்ட வேண்டும். நம் காசில் 40 இலட்சத்துக்கு மேல். முதல் வருடக் கட்டணத்தில் கட்டாத மிச்சம் வேறு. காசு கணக்கில் தொடர்ந்து 28 நாள் கிடக்க வேண்டும், ஒருநாள் குறைந்தாலும் சரிவராது. கணக்கு மகன் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ இருக்க வேண்டும். மாமாவின் கணக்கைக் காட்ட முடியாது. பொய் ஆவணம் என்று பிடிபட்டால் 10 வருடம் வரை விசா இல்லை.

சரி, விசா கிடைத்தே விட்டது என்று வையுங்கள். தம்பி அங்கே வாடகை கட்டிச் சாப்பிட வேண்டிய காசு அது. கடன் கொடுத்தவர் அதை எடுத்துக்கொண்டு போனபிறகு பிள்ளை எதை வைத்துச் சீவிப்பான்? பட்டப்படிப்பு மாணவனுக்குத் தவணை நாட்களில் வாரம் 20 மணித்தியால வேலைக்குத்தான் அனுமதி. இங்கே வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். அரசு பேர்மிட்டில் தந்த காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கைமாற்றினால் செல்லாது. கடனுக்கு ஈடு வைக்க அந்தப் பையிலிருந்து பேர்மிட்டை வெளியே எடுக்கவே வேண்டாம்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்க, வெளியே தண்ணி மோட்டர் முனகியது. அதுவரை வாய் திறக்காத தம்பி, "பெயாரிங் போயிற்று சேர்" என்றான். நகக்கண்ணில் கிறீஸ். அப்பாவின் லாண்ட்மாஸ்டர் உழவு மெசினைத் தனியே கழற்றிப் பூட்டுவானாம். இவனையா மனேஜ்மென்ற் படிக்க அனுப்பப் போகிறீர்கள்?

ஏ9 வீதியில், கிளிநொச்சிக்கும் முறிகண்டிக்கும் நடுவே அறிவியல்நகரில், ஜேர்மன் உதவியோடு கட்டி 2016இல் திறந்த இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அரச நிறுவனம். வாகனத் தொழில்நுட்பம், மின், கட்டுமானம், உணவுத் தொழில்நுட்பம் எல்லாம் அங்கே உண்டு. வகுப்பில் படித்ததைப் பட்டறையில் கையால் செய்ய வேண்டும். அப்புறம் வெளியே வேலைத்தளத்தில் பயிற்சி. என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமையில் 4ஆம் மட்டத்தில் தொடங்கலாம். 5 டிப்ளோமா, 6 உயர் டிப்ளோமா. பட்டம்தான் வேண்டுமென்றால், அது 7. இரத்மலானையில் இருக்கும் தொழிற்கல்விப் பல்கலைக்கழகமான யுனிவொடெக்கில் தொடரலாம். "ஏ.எல். சரிவராத பிள்ளைகள் போகிற இடம்" என்று சொந்தக்காரர் சொல்வார்கள். கேட்காதீர்கள். பின்னர் வெளிநாடு போனாலும் கையில் தொழிலோடு போவான்.

வருகிற கிழமை தம்பியைக் கூட்டிக்கொண்டு பரந்தன் வழியாக பஸ்ஸில் போய் அந்தப் பட்டறையைப் பாருங்கள். அதுவரை எந்தக் கடன் பத்திரத்திலும் கையெழுத்து வைக்க வேண்டாம். மாமா போன் எடுத்தால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசுகிறேன்.