மகன் சொல்வதா, வலைத்தளம் சொல்வதா?

கேள்வி: என் மகன் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் இருக்கிறான். அடுத்த மாதம் அர்ஜென்டினாவின் தென்கோடியில் உள்ள உசுவாயாவில் கப்பல் ஏற வேண்டுமாம். வலைத்தளத்தில் 10,360 கிலோமீட்டர், 12 மணி 40 நிமிடம் என்று இருக்கிறது. அவனோ, "ஒன்றரை நாளுக்கு மேல ஆகும் உம்மா" என்கிறான். எதை நம்புவது?
- ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: மகனையே நம்புங்கள், சகோதரி. ஆனாலும் அந்தத் தூரம் பொய்யில்லை. 22 வருடம் கப்பலில் வரைபட மேசை முன் நின்றவன், கணக்குப் போட்டுப் பார்க்காமல் விட மனசு வரவில்லை. தென் துருவத்துக்கு ஒரு பக்கம் 58 பாகை தள்ளி பெர்த். அநேகமாக நேர் எதிர்ப்பக்கம் 35 பாகையில் உசுவாயா. கூட்டினால் 93. பாகைக்கு 60 கடல் மைல், உங்கள் ஊர் விசைப்படகு ஓட்டுநர்களே சொல்வார்கள். ஆக 5,580 கடல் மைல். அதை 1.852-ஆல் பெருக்கினால் 10,334 கிலோமீட்டர். உதிரியை விட்டதால் கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான். பேரனின் உலக உருண்டையில் தூண்டில் நரம்பை இழுத்துப் பிடித்தேன். அண்டார்டிகாவின் நட்டநடுவே போகிறது!

வில்லங்கம் நேரத்தில்தான். தூரத்தை மணிக்கு 850 கிலோமீட்டர் என்று வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்தால் அந்த 12.40 வந்துவிடும். அப்படியொரு விமானமே கிடையாது. பனிக்கண்டத்துக்கு மேலே இன்ஜின் மக்கர் செய்தால் இறங்க இடம் வேண்டாமா? அத்தனை பேர் ஏறவும் வேண்டுமே!

நம் கதையும் இதுதான். ராமேஸ்வரத்திலிருந்து யாழ்ப்பாணம் நேர்கோட்டில் 90 கிலோமீட்டர்கூட இல்லை. 2023-ல் ஒரு கல்யாணத்துக்குப் போக மண்டபத்தில் ரயிலேறி, விடிய விடிய சென்னை போய், அங்கிருந்து யாழ்ப்பாணத்து விமான நிலையமான பலாலிக்குப் பறந்தேன். விமானத்தில் இருந்தது ஒன்றேகால் மணி நேரம்தான்!

மகனுக்குத் தோதான ஒரு வழி: பெர்த்திலிருந்து சிட்னி 4 மணி, அங்கிருந்து சிலி நாட்டு சாண்டியாகோ பன்னிரண்டரை, பிறகு புவனோஸ் ஐரிஸ் 2, கடைசியாக உசுவாயா மூன்றரை. பறப்பது மட்டும் 22 மணி. தூரம் 18,000 கிலோமீட்டர். போகும்போது கச்சான், அதாவது மேல்காற்று, முதுகில் தள்ளும். திரும்பும்போது அதே காற்று எதிர்த்து நிற்கும். சாண்டியாகோ-சிட்னிக்கே ஒன்றரை மணி கூடலாம்.

டிக்கெட்டில் ஒன்றைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். புவனோஸ் ஐரிஸில் விமான நிலையம் இரண்டு: ஊருக்கு வெளியே எசெய்சா, ஆற்றோரம் ஏரோபார்க்கே. ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறுவதானால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகரையே கடக்க வேண்டும். நடுவில் ஐந்தாறு மணி நேரமாவது இருக்கட்டும்.

நடுவே தேதிக்கோட்டைத் தாண்டுவதால், சிட்னியில் ஏறிய நேரத்துக்கு முன்பே சாண்டியாகோவில் இறங்கியதாகக் கடிகாரம் காட்டும், பதறாதீர்கள். உசுவாயா நமக்கு எட்டரை மணி பின்னால். ஃபஜ்ர் தொழுதுவிட்டு ஐந்தரைக்கு நீங்கள் கூப்பிட்டால், அவனுக்கு முந்தின நாள் இரவு ஒன்பது.