முப்பது வயதுக் காரின் தேய்ந்த புஷ்கள்

கேள்வி: என்னிடம் 1994ஆம் ஆண்டின் மாஸ்டா எம்எக்ஸ்-5 கார் இருக்கிறது. மேடுபள்ளங்களில் அடியில் ‘டக் டக்’ என்று ஓசை கேட்கிறது. பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது. சஸ்பென்ஷன் மூட்டுகளில் மெத்தைபோல இருக்கும் புஷ்கள் தேய்ந்துவிட்டதாக ஆண்டுப் பரிசோதனையில் எழுதித் தந்திருக்கிறார்கள். ரப்பர் புஷ் போடுவதா, பாலியூரித்தேன் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கில் செய்தது போடுவதா? வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாமா?
— வாசகர், லெஸ்டர், இங்கிலாந்து

பதில்: புஷ்களை வாங்குவதற்கு முன் வேறு இரண்டையும் பார்த்துவிடுங்கள். சிறு மேடுகளில் எழும் ஓசைக்கு, வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஆன்டி ரோல் பாரின் இணைப்புக் கம்பிகள் தேய்ந்திருப்பதும், ஒரு பக்கமாக இழுப்பதற்கு, பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் துருவேறி இறுகியிருப்பதும் காரணமாக இருக்கலாம். இவற்றைச் சரிபார்ப்பது எளிது, செலவும் குறைவு. புஷ்ஷைப் பரிசோதிக்க, சக்கரத்தைச் சட்டகத்தோடு இணைக்கும் ஆர்முக்கும் சட்டகத்துக்கும் இடையே நெம்புகோலை வைத்து மெல்ல அசைத்துப் பாருங்கள். ரப்பரின் மேற்பரப்பில் தெரியும் மெல்லிய வெடிப்புகளை மட்டும் வைத்து முடிவுசெய்ய வேண்டாம். ரப்பர் உலோகத்தை விட்டுப் பிரிந்திருந்தாலோ, புஷ்ஷுக்குள் இருக்கும் எஃகுக் குழாய் நடுவிலிருந்து விலகி ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ அந்தப் புஷ்ஷின் காலம் முடிந்துவிட்டது.

1989இல் அறிமுகமான இந்தக் காரில், நான்கு சக்கரங்களும் மேலும் கீழுமாக இரண்டிரண்டு ஆர்ம்களால் பிடிக்கப்பட்டுள்ளன. ஆர்மின் உள்முனைகளில் இருக்கும் புஷ் என்பது, ஓர் எஃகு உள்குழாயும் ஒரு வெளிக்கூடும் இடையில் இரண்டோடும் ஒட்டவைக்கப்பட்ட ரப்பரும்தான். போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் சட்டகத்தோடு அசையாமல் நின்றுவிடுகிறது. அதன்பின் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம், பிழியப்படும் ஈரத்துணியைப் போல அந்த ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு இடம் கொடுக்கிறது. ஆகவே, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும் நிலையில் போல்ட்டுகளை இறுக்கிவிட்டு வண்டியைக் கீழே இறக்கினால், சும்மா நிற்கும்போதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து, புதிய புஷ் விரைவில் கிழிந்துபோகும். நல்ல பட்டறைகளிலும் அவசரத்தில் இந்தத் தவறு நடப்பதுண்டு என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். கழற்றத் தொடங்கும் முன், வண்டி சமதளத்தில் நிற்கும்போது ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரையுள்ள உயரத்தை அளந்து எழுதிவையுங்கள். திரும்பப் பூட்டும்போது போல்ட்டுகளைக் கையால் முடுக்கிவிட்டு, கீழ் ஆர்மின் வெளிமுனைக்கு அடியில் ஜாக்கி வைத்து அதே உயரம் வரும்வரை தூக்கியபின், தயாரிப்பாளர் கையேட்டில் குறிப்பிட்ட அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

வீட்டில் செய்ய முடியுமா என்பதைத் துருவே தீர்மானிக்கும். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாடு உங்களுடையது. கீழ் ஆர்ம்களின் உள்பக்க போல்ட்டுகள், சக்கரத்தின் சாய்வையும் திசையையும் சரிசெய்வதற்கான கேம் போல்ட்டுகள். அவை புஷ்ஷின் உள்குழாயோடு துருவேறி ஒன்றாகிவிடுவது இந்தக் காரின் பெயர்பெற்ற தொல்லை. நட் எளிதாகக் கழன்றுவிடும். ஆனால் போல்ட்டின் தலையில் ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினால் சற்றே திரும்பி, கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். அப்போது திரும்புவது போல்ட் அன்று, ரப்பர்தான். சில நாட்களுக்கு முன்பிருந்தே துரு நீக்கும் எண்ணெய் விட்டும் அசையவில்லை என்றால், மேலும் பலம் காட்டிச் சட்டகத்தை வளைத்துவிடாமல், புஷ்ஷுக்கும் அதைப் பிடித்திருக்கும் சட்டகத்தின் தகட்டுக்கும் இடைப்பட்ட இடத்தில் போல்ட்டை இரு பக்கமும் அறுத்துவிடுவதே நல்லது. இதற்காகப் புதிய கேம் போல்ட்டுகளை முன்னதாகவே வாங்கிவைத்து, பூட்டும்போது துரு தடுக்கும் கிரீஸைத் தடவுங்கள். வண்டியை உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தாமல், வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது.

பழைய புஷ்ஷை வெளியே தள்ள ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். ஆர்ம்கள் தகட்டெஃகால் ஆனவை. துளையைச் சுற்றிச் சரியான தாங்கல் கொடுக்காமல் அழுத்தினால் வளைந்துவிடும். புதியதை உள்ளே செலுத்தும்போது அழுத்தம் வெளிக்கூட்டின் மேல் மட்டுமே விழ வேண்டும். பிரஸ் இல்லையென்றால் ஆர்ம்களை மட்டும் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து வாங்குங்கள், அதில் குறைவொன்றுமில்லை.

பாலியூரித்தேன் புஷ் ரப்பரைவிட உறுதியானது, கையால் பொருத்தலாம், அதில் உள்குழாய் வழுக்கிச் சுழல்வதால் மேற்சொன்ன முறுக்குச் சிக்கலும் இல்லை. ஆனால் அதற்குரிய சிலிகான் கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும். சாலையின் அதிர்வும் கூடுதலாக உள்ளே வரும். ரேஸ் தடத்தில் ஓட்டுபவருக்கு அது பொருந்தும். விடுமுறை நாட்களில் கிராமத்துச் சாலைகளில் ஓட்டி மகிழ்வதற்கென்றால், என் தெரிவு ரப்பர்தான். அந்தக் காரின் இதமான ஓட்டத்தை வடிவமைத்தவர்கள் ரப்பரின் நெகிழ்வையும் சேர்த்தே கணக்கிட்டிருந்தார்கள்.

கேள்வி: ஒரு பக்கப் புஷ் மட்டும் கிழிந்திருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதாதா?
— இன்னொரு வாசகர்

பதில்: போதாது. ஒரே அச்சின் இரு பக்கமும் ஒரே நெகிழ்வோடு இருந்தால்தான் பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் வண்டி நேர்மையாக நடந்துகொள்ளும். ஆகவே முன்பக்கம் முழுவதையும், அல்லது பின்பக்கம் முழுவதையும் ஒருசேர மாற்றுங்கள். கேம் போல்ட்டுகளின் பழைய நிலையைப் பெயின்டால் குறித்துவைத்திருந்தாலும், அது பட்டறை வரை பத்திரமாக ஓட்டிச்செல்ல மட்டுமே உதவும். நான்கு சக்கரங்களுக்கும் வீல் அலைன்மென்ட் பார்த்த பிறகே நீண்ட பயணத்துக்கு எடுங்கள்.