ஒஷோலாவைப் போலப் படிப்பை விடட்டுமா?

கேள்வி: என் மகளுக்குப் பதினைந்து வயது, பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். பள்ளிக் கால்பந்து அணியில் முன்கள ஆட்டக்காரி. மாவட்ட அணிக்கும் தேர்வாகியிருக்கிறாள். படிப்பை நிறுத்திவிட்டு, வெளியூரில் உள்ள ஒரு பயிற்சியகத்தில் முழுநேரமாகச் சேர்த்துவிடும்படி கேட்டு அடம்பிடிக்கிறாள். மறுத்துப் பேசினால், நைஜீரியாவின் அசிசாட் ஒஷோலாவும் பெற்றோர் பேச்சை மீறிப் படிப்பைவிடப் பந்தே முக்கியம் என்று போனவர்தானே என்கிறாள். கோபத்தில் என் கணவர் அவளுடைய காலணிகளைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். இரண்டு வாரமாக அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதில்லை. நான் யார் பக்கம் நிற்பது?
- ஒரு தாய்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் சொல்வதில் பொய் இல்லை. லாகோஸ் மாநிலத்தின் இக்கொரோடு நகரில் 1994ஆம் ஆண்டு பிறந்த ஒஷோலாவின் பெற்றோர், பெண் படித்து முன்னேற வேண்டும் என்றே விரும்பினார்கள். பந்து விளையாடப் போவதை அவர்கள் ஏற்கவில்லை. அன்று தமக்குத் துணையாக இருந்தவர் பாட்டி என்று ஒஷோலா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்தான் பின்னாளில் ஆப்பிரிக்காவின் சிறந்த வீராங்கனை விருதை ஆறு முறை வென்றார். வேறு எவரும் அதை அத்தனை முறை வென்றதில்லை. ஆனால் உங்கள் மகள் அந்த வாழ்க்கையின் தொடக்கத்தையும் இன்றைய புகழையும் மட்டுமே அறிந்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டுக்கும் இடையில் நடந்தவற்றை நீங்கள் மூவரும் சேர்ந்து அறிந்துகொண்டால், வீட்டில் நடக்கும் வாக்குவாதத்தின் தன்மையே மாறும்.

முதலில், அவர் வெறுங்கையோடு வெளியே போகவில்லை. லாகோஸில் எஃப்சி ரோபோ என்ற மகளிர் கிளப் இருந்தது. அங்கே சில ஆண்டுகள் விளையாடினார். பிறகு போர்ட் ஹார்கோர்ட் நகரின் ரிவர்ஸ் ஏஞ்சல்ஸ் அணிக்கு மாறினார். நைஜீரியாவில் மகளிர் லீக் ஒன்று முன்பே நடந்துகொண்டிருந்தது, ஆப்பிரிக்கக் கோப்பையைப் பல முறை வென்ற தேசிய அணியும் இருந்தது. திறமையுள்ள ஒரு சிறுமி யார் கண்ணிலாவது படுவதற்கான பாதை, குறுகலானதுதான் என்றாலும், அங்கே இருந்தது. கனடாவில் 2014ஆம் ஆண்டு நடந்த இருபது வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பை அவரை உலகுக்குக் காட்டியது. அரையிறுதியில் வட கொரியாவை நைஜீரியா 6-2 என்று வென்றபோது, அந்த ஆறில் நான்கு கோல்கள் அவருடையவை. இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியிடம் கூடுதல் நேரத்தில் ஒரே ஒரு கோலில் அணி தோற்றது. ஆயினும் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து, அதிக கோலுக்கான தங்கக் காலணி ஆகிய இரண்டையும் ஒஷோலாவே பெற்றார். அதே ஆண்டு வயது வரம்பில்லாத தேசிய அணியோடு ஆப்பிரிக்கக் கோப்பையையும் வென்றார்.

இதுவரை உங்கள் மகளுக்கும் தெரிந்திருக்கும். இனி வருவதைத்தான் அவளிடம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

2015 தொடக்கத்தில் இங்கிலாந்தின் லிவர்பூல் அவரை ஒப்பந்தம் செய்தது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் லீக் பட்டம் வென்ற கிளப் அது. இருபது வயதில், வீட்டை விட்டு வெகு தொலைவில், பழக்கமில்லாத குளிரில், காயமும் சேர்ந்துகொள்ள, அந்த ஆண்டு அவருக்கும் அணிக்கும் எதிர்பார்த்தபடி அமையவில்லை. ஓராண்டில் ஆர்செனலுக்கு மாறினார். அங்கே எஃப்ஏ கோப்பையை வென்ற அணியில் இருந்தார் என்றாலும், முதல் பதினொருவரில் நிலையான இடம் கிடைக்கவில்லை. 2017இல் அவர் சீனாவின் தாலியன் கிளப்புக்குப் போனபோது, ஐரோப்பாவில் அவர் கதை முடிந்துவிட்டது என்று நினைத்தவர்கள் பலர். அங்கே லீக் பட்டமும் அதிக கோல் அடித்தவர் என்ற பெயரும் கிடைத்தன. 2019 ஜனவரியில் பார்சிலோனா அவரை அழைத்தது. அதுவும் முதலில் தற்காலிக ஒப்பந்தத்தில்தான். உலக அரங்கில் தங்கப் பந்து வாங்கிய ஒருவருக்கே தமக்கான இடத்தைக் கண்டடைய நான்கு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. இந்த நான்கு ஆண்டுகளைத் தாங்கும் மனம் இருக்கிறதா என்பதே ஒரு விளையாட்டு வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது என்று நான் நம்புகிறேன்.

2019 மே மாதம் புடாபெஸ்டில் நடந்த, ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடங்களை உங்கள் மகளோடு உட்கார்ந்து பாருங்கள். ஆட்டத்தின் முதல் அரைமணி நேரத்துக்குள் பார்சிலோனாவுக்கு எதிராக லியோன் அணி நான்கு கோல் அடித்துவிட்டது. முடிவு எல்லோருக்கும் தெரிந்துவிட்ட நிலையில் ஒஷோலா மாற்று ஆட்டக்காரராகக் களமிறக்கப்பட்டார். கோப்பைக்குப் பயனில்லை என்று தெரிந்தும் பந்தை விரட்டினார், 89ஆம் நிமிடத்தில் கோல் அடித்தார். மகளிர் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் ஆப்பிரிக்கப் பெண் ஒருவர் அடித்த முதல் கோல் அது. அந்த மாதமே பார்சிலோனா அவரோடு நிரந்தர ஒப்பந்தம் செய்துகொண்டது. 2021இல் அதே கோப்பையை அணி வென்றபோது, அதைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண்ணும் அவரே. அடுத்த பருவத்தில் 20 கோல்களுடன் ஸ்பானிய லீக்கில் அதிக கோல் அடித்தவர் என்ற பெருமையை இன்னொரு வீராங்கனையோடு பகிர்ந்துகொண்டார்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுவோம், ஏனெனில் உங்கள் கணவரின் கோபத்துக்கு அடியில் இருப்பது அந்த அச்சம்தான் என்று எண்ணுகிறேன். நைஜீரிய மகளிர் அணி 2016இல் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றது. அந்தப் போட்டியில் ஆறு கோல் அடித்து முதலிடம் பெற்றவர் ஒஷோலா. கோப்பையோடு நாடு திரும்பிய வீராங்கனைகளுக்குத் தர வேண்டிய ஊக்கத்தொகை வரவில்லை. தலைநகர் அபுஜாவில் தங்கியிருந்த விடுதியை விட்டு வெளியேற மறுத்து, அதன்பிறகு நாடாளுமன்றம் வரை ஊர்வலமாகச் சென்றுதான் அவர்கள் அதைக் கேட்க வேண்டியிருந்தது. 2019 உலகக்கோப்பையின்போதும் 2023 உலகக்கோப்பைக்கு முன்பும் இதே சிக்கல் தலைதூக்கியது. கண்டத்தின் சிறந்த அணிக்கே இந்த நிலை என்றால், தேசியச் சட்டையை நம்பி மட்டும் ஒரு பெண் தன் பிற்காலத்தை அமைத்துக்கொள்ள முடியாது என்பது தெளிவு. உங்கள் கணவரின் அச்சம் நியாயமானது. அவர் அதை வெளிப்படுத்திய விதம்தான் தவறு.

2023 உலகக்கோப்பையில் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஆட்டத்தையும் சொல்ல வேண்டும். அன்றும் ஒஷோலா மாற்று ஆட்டக்காரர்தான். தடுப்பாளருக்கும் கோல்கீப்பருக்கும் இடையே ஏற்பட்ட குழப்பத்தில் கிடைத்த பந்தை, மிகக் குறுகிய கோணத்திலிருந்து உள்ளே தள்ளினார். நைஜீரியா 3-2 என்று வென்றது. மூன்று உலகக்கோப்பைகளில் கோல் அடித்த முதல் ஆப்பிரிக்கப் பெண் ஆனார். அதன்பின் 2024இல் அமெரிக்காவின் பே எஃப்சிக்காக ஆடி, அந்தப் புதிய கிளப்பின் வரலாற்றில் முதல் கோலை அடித்தார். 2025இல் சவூதி அரேபியாவின் அல் ஹிலாலுக்குச் சென்றார். உச்சத்தில் இருந்த ஒருவருக்கே முப்பது வயதுக்குள் இத்தனை நாடுகள், இத்தனை அணிகள், இத்தனை மாற்றங்கள். லாகோஸில் சிறுமிகளுக்கென்று ஒரு பயிற்சிக்கூடத்தையும் அவர் நடத்துகிறார். தாம் பட்ட சிரமத்தைத் தம்மை அடுத்து வருபவர்கள் படக்கூடாது என்ற அக்கறை அதில் எனக்குத் தெரிகிறது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. இன்றே பீரோவைத் திறந்து காலணிகளைக் கொடுத்துவிடுங்கள். அதைக் கணவரே தம் கையால் கொடுக்கும்படி செய்தால் மேலும் நல்லது. படிப்பை நிறுத்தும் பேச்சுக்கு மட்டும் இடம் தராதீர்கள். பத்தாம் வகுப்புத் தேர்வை அவள் எழுதியே ஆக வேண்டும். அதற்குப் பின்னும் பள்ளியோ திறந்தநிலைப் படிப்போ ஏதேனும் ஒன்று தொடர வேண்டும். ஒஷோலா பாதியில் விட்டுப் போனார் என்றால், இரண்டையும் சேர்த்து நடத்த அன்று அவருக்கு வழி குறைவாக இருந்தது. உங்கள் மகளுக்கு அந்த வழி இருக்கிறது. இருக்கும் வழியை வீணாக்கத் தேவையில்லை.

அந்தப் பயிற்சியகத்தை உடனே மறுக்காமல், தேர்வு முடிந்ததும் கணவரையும் அழைத்துக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள். பெண் பிள்ளைகள் தங்கும் இடத்தில் பெண் காப்பாளர் இருக்கிறாரா, அருகில் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள், காயம் பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது என்று கேளுங்கள். ஓர் ஆண்டில் எத்தனை போட்டி ஆட்டங்களில் விளையாட வைக்கிறார்கள் என்பதையும் விசாரியுங்கள், ஏனெனில் பயிற்சி மட்டும் பெற்று ஆட்டம் கிடைக்காத பிள்ளைகள் விரைவில் சோர்ந்துபோகிறார்கள். அங்கே ஏற்கெனவே இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இருவரிடமாவது தனியாகப் பேசுங்கள். மாநில அணிக்கோ பெரிய கிளப்புக்கோ நிச்சயம் அனுப்பிவைப்போம் என்று எவராவது வாக்குக் கொடுத்து அதற்கெனத் தனியாகப் பணம் கேட்டால், அங்கே சேர்க்க வேண்டாம்.

யார் பக்கம் நிற்பது என்று கேட்டிருந்தீர்கள். ஒஷோலாவுக்குப் பாட்டி இருந்த இடத்தில் உங்கள் மகளுக்கு நீங்கள் இருங்கள். கணவருக்கு எதிராக அணி சேர்வதாக அதை எண்ண வேண்டாம்; மகளின் அடுத்த ஆட்டம் நடக்கும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு அவரையும் மைதானத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். மகள் ஆடுவதை அவர் இதுவரை நேரில் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.